ஒன்பது நிமிடம்

நவம்பரில் மார்லீன் வீட்டு கேரேஜை உடைத்தார்கள்.
உடைத்தார்கள் என்பது பெரிய வார்த்தை.
கதவின் மேல் இடுக்கில் ஒரு கம்பியை விட்டு
அவசரத்துக்கென்று உள்ளே தொங்கும் சிவப்புக் கயிற்றை
மீன் பிடிக்கிறவன் மாதிரி சுண்டியிருக்கிறார்கள்.
அப்புறம் ஒரு கையால் தூக்கினால் போதும்.
போனவை இரண்டு சைக்கிள், பனி வாரும் இயந்திரம்,
பாதி காலியான நாய் பிஸ்கட் மூட்டை.

அன்றிரவே என் கதவின் கயிற்றிலிருந்து
பிடியை அறுத்தெறிந்தேன்.
கொக்கியைப் பிளாஸ்டிக் பட்டியால் கட்டினேன்,
தீப்பிடித்தால் நான் பிய்க்கலாம்,
கம்பியால் முடியாது, அந்த அளவுக்கு.
ஜன்னலில் மளிகைக்கடை விளம்பரத் தாள்.
சந்தில் போகிறவனுக்கு இனி என் கேரேஜில்
போன மாதத்து உருளைக்கிழங்கு விலைதான் தெரியும்.

தரையில் துளை போட்டேன்.
கான்கிரீட் தூசு தும்மலில் மூன்று நாள் இருந்தது.
இரும்பு வளையத்தைப் பசையில் நிறுத்தி,
ஒரு பகல் ஓர் இரவு தொடாமல் காத்து,
கட்டைவிரல் பருமனில் சங்கிலி போட்டேன்.
பெடல் அச்சுக்கு அடியில் அழுக்கைத் துடைத்து
அதன் எண்ணைக் காலண்டரில் எழுதினேன்,
பல் டாக்டர் தேதிக்குப் பக்கத்தில்.

பேருந்து டிப்போவில்
இரண்டு குளிர்காலம் கூடுதல் நேரம் பார்த்து வாங்கியது.
பச்சை. நிழலில் கறுப்பு.
வேறொன்றும் விசேஷமில்லை, நான் சொன்னபடி திரும்பும்.

எட்மன்டனில் பனி ஏப்ரல்வரை போகாது.
மைனஸ் முப்பதில் செருப்போடு ஓடி
சங்கிலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன்.
விரல் தோல் கொஞ்சம் அதில் ஒட்டிக்கொள்ளும்.
திருடன் வரவில்லை.
தினமும் வந்தது நான்தான்.

ஏப்ரலில் சாலை காய்ந்த முதல் சனிக்கிழமை
சாவியைத் தேடினேன்.
சாவி இரண்டு. ஒன்று தொலைந்தால் மற்றொன்று என்பது ஏற்பாடு.
இரண்டையும் ஒரே இடத்தில் ஒளித்தது என் சாமர்த்தியம்,
எவனும் நினைத்துப் பார்க்காத இடம்.
நானும் எவனில் ஒருத்தி ஆனேன்.
உப்பு டப்பா, பனிக்காலணி,
ஆணிப் பெட்டி, உறைபெட்டிப் பட்டாணிக்குள்ளும் கைவிட்டேன்.

வெட்டும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தேன்.
கடைக்காரன் எதற்கென்று கேட்கவில்லை,
ஓட்டுநர் உரிமத்தை மட்டும் நகலெடுத்தான்.
அதன் வயர் எட்டவில்லை. கதவைத் திறந்துவைத்து
தலையில் தொப்பி, கண்ணாடி, மூக்குவரை கழுத்துத்துணி,
என்ன செய்வதென்று சந்தைப் பார்த்து நின்றேன்.

எதிர்வீட்டு அடித்தளத்துக்கு
பிப்ரவரியில் குடிவந்தவன்
குப்பை கொட்ட வந்தான்.
என் முகத்தை அவன் பார்த்ததே இல்லை.
வயரைப் பார்த்தான், சங்கிலியைப் பார்த்தான்,
உள்ளே போய் நீளமான மின்கம்பிச் சுருளோடு வந்தான்.

"இது என் சைக்கிள்தான்" என்றேன்.
அவன் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன்.
"சரி" என்றான்.

ஒன்பது நிமிடம்.
தெருவே பல்லைக் கடிக்கும் அந்தச் சத்தத்தில்
ஒரு கார் நின்று, வழிவிட்டு, போனது.
நாயோடு போன பெண் கையசைத்தாள்.
ஒரு பொறி மணிக்கட்டில் விழுந்து சுட்டது.
திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி
சத்தமில்லாமல் நின்றேன்,
என் வீட்டில், என் சங்கிலிமேல் குனிந்து.

கண்ணி அறுந்து விழுந்தது.
தரையில் வளையம் மட்டும் அசையாமல், நல்ல பசை.

சுருளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
பெயர் தெஸ்ஃபலெம் என்றான். நான் நோரீன்.
அவன் வாசலில் நின்று
சைக்கிளின் எண்ணை ஒப்பித்தேன், முழுவதும்,
நடுவில் வரும் இரண்டு எழுத்துகளோடு.
அவனிடம் ஒத்துப்பார்க்க ஒன்றுமில்லை.
"நல்ல எண்" என்றான்.
டீ போட்டிருந்தான். ஏலக்காய் வாசனை.
இந்த ஊர்க் குளிர், டிப்போவில் ஆள் எடுப்பார்களா,
மார்லீன் நாய் ஏன் இப்படிக் குரைக்கிறது,
பேசிக்கொண்டே இரண்டாவது கோப்பையும் ஆயிற்று.

அவன் தோளுக்கு மேல் இருந்த சின்ன ஜன்னலில்
சந்துக்கு அந்தப் பக்கம்
என் கேரேஜ் வாயைத் திறந்தபடி கிடந்தது.
சுவரில் சாய்ந்து, பூட்டில்லாமல்,
வெயில் பட்டுப் பச்சையாக.