மணலில் எடுத்த அளவு

அமெரிக்கச் சிப்பாய் பீர் குடிக்கப் போன நேரம்
அவன் பலகையை ஈர மணலில் கிடத்தி
மேலேறிப் படுத்துக்கொண்டார் என் புருஷன்.
தூக்கியபோது ஆளைவிட நீளமாய் ஒரு பள்ளம்.
சாண் போட்டார். எழுதத் தாளில்லை.
நினைவில் வைத்துக்கொள் என்றார் என்னிடம்:
நீளம் பன்னிரண்டரை, இடுப்பில் இரண்டரை.
மிச்சத்தை அளப்பதற்குள் அலை வந்து கேட்டது.
கொடுத்துவிட்டோம்.

தொகுஸோ. சிபா கரையில் படகுத் தச்சர்.
நான் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுப்பவள்.
கடலின் வயிறு எனக்குத் தெரியும்.
அதற்கு ஒரு முதுகு உண்டென்று
அவர் சொல்லித்தான் தெரியும்.

முதல் பலகை, அலமாரி செய்கிற மரத்தில்.
அலையில் மூக்கைக் குத்தி
அவருடைய பல்லொன்றை வாங்கிக்கொண்டது.
பாதியாக அறுத்துக் கால் வைத்தேன்.
இன்றும் அவர் சட்டைகளை அதில்தான் இஸ்திரி போடுகிறேன்.

இரண்டாவது, மீன் பெட்டித் தெர்மாகோல்.
ஒட்டி, இழைத்து, பிசினை ஊற்றினார்.
சீறிக்கொண்டு கரைந்தது.
நாங்கள் பார்த்திருக்கவே
பலகை தன்னைத் தானே தின்றது.
அன்றிரவு சாப்பிடவில்லை.
விடிந்ததும் பழைய செய்தித்தாள் கேட்டார், மரப்பசை கேட்டார்.
முதலில் காகிதச் சட்டை, அதன்மேல் பிசின்.

மூன்றாவது மிதந்தது,
அரிசி விலையும் சுமோ முடிவுகளும்
வயிற்றில் தெரிய.

வலை கிழியும், பையன்கள் கெடுவார்கள் என்று
மீனவர் சங்கம் நோட்டீஸ் அனுப்பியது.
பையன்கள் வந்தார்கள்,
தோக்கியோவிலிருந்தும், பால் வண்டி ஏறியும்.
அறுநூற்று எழுபது பலகைகள்.
காசு வந்தது பாதிக்கு.

கண்ணாடி இழைத் தூள்
என் துணியில், அரிசியில், படுக்கையில்.
முப்பது வருஷம் சொறிந்துகொண்டே குடித்தனம் செய்தேன்.
காதல் என்று யாராவது சொன்னால்
எனக்கு முழங்கை அரிக்கிறது.

பனிக்காலத் தண்ணீருக்குப் பயந்து
அவர் காதுக்குள் எலும்பு வளர்ந்துவிட்டதாம்.
உடம்பே கதவைச் சாத்திக்கொள்ளும் என்றார் டாக்டர்.
கதவுக்கு வெளியே
கடல், நான், கொதிக்கும் கெட்டில்.

செப்டம்பர். தெற்கே எங்கோ புயல்.
இருட்டில் என்னை எழுப்பி
முகத்தையே பார்க்கிறார்.
அவர் உள்ளங்கையைப் பிரித்து
அலை விழும்போதெல்லாம் தட்டுகிறேன்.
ஒன்று.
பிறகு பதினான்கு எண்ணும்வரை ஒன்றுமில்லை.
இரண்டாவதைத் தட்டப் போகிறேன்,
கை அங்கே இல்லை.
செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்.