மிதவை

கண்ணாடிக் குழாயை அமிலத்தில் இறக்கி
ரப்பர் குமிழை மெல்ல விடுகிறேன்.
உள்ளே மிதவை எழும்ப வேண்டும்.
ஆயிரத்து இருநூற்று அறுபது என்றால் நிறைவு.
இது ஆயிரத்து நூற்று இருபதில்
அடியில் உட்கார்ந்துகொண்டு
எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

பாபு ராவ் தெரு. லாட்ஜ் மாடிப்படிக்குக் கீழே
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நான்.
இரவு பதினொன்றே கால்.
மூன்றாம் மாடியில் மால்டாவிலிருந்து வந்தவர்
ஆக்ஸிஜன் மெஷின் குழாயை
மூக்கில் மாட்டியபடி காத்திருக்கிறார்.
"கரண்ட் எப்போ, பாய்?" என்று அவர் மனைவி
இரண்டு முறை இறங்கி வந்துவிட்டாள்.

மேனேஜர் ஏகாம்பரம் என்மேல் பாய்கிறார்:
"போன வருசம் வாங்கின பேட்டரி, இன்னா ஆச்சு இதுக்கு?"
"பெயிண்ட் வேலைன்னு ரெண்டு மாசம்
காலியாவே போட்டு வச்சிகினு இருந்தீங்களே,
அதான் ஆச்சு."

விளக்கிச் சொல்ல நேரமில்லை. மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்:
ஒரு தகடு சாம்பல் நிற ஈயம்.
எதிர்த் தகடு காப்பிக்கொட்டை நிறம்,
அதுவும் ஈயம்தான், ஆக்ஸிஜன் ஏறிய ஈயம்.
பங்காளிகள். ஒத்துப்போகாது.
நடுவில் தடுப்பு வைத்துவிட்டோம்,
நேரே கொடுத்து வாங்க வழியில்லை.
எலெக்ட்ரான் வெளியே கம்பியில் சுற்றித்தான் போகணும்.
போகிற போக்கில் ஒரு பல்பைத் தூக்கிப் பிடி என்கிறோம்,
ஒரு ஃபேனைத் தள்ளிவிட்டுப் போ என்கிறோம்.
என் பிழைப்பு அதில்தான்.

கொடுத்து வாங்கிக் கொடுத்து வாங்கி
இரண்டு தகடும் ஒரே வெள்ளை உப்பாகும்.
அமிலம் பாதி தண்ணீராகும்.
சமாதானம் முழுசாக வந்துவிட்டால்
பேட்டரியில் ஒன்றும் இல்லை.
அன்றைக்கே சார்ஜ் ஏற்றினால் பழைய பகை திரும்பும்.
ஆறப்போட்டால் அந்த வெள்ளை
கல்லாகப் பிடித்துக்கொள்ளும்.

என் மினி வேன் பேட்டரியைக் கழற்றி வந்து மாட்டினேன்.
மேலே மெஷின் ஒரு தடவை இருமிவிட்டு ஓடியது.
ஒன்றரை மணி நேரம் தாங்கும்.
தாங்கணும்.

படியில் உட்கார்ந்திருந்தபோது நினைவு வந்தது,
காட்பாடி காலேஜ் லேபில் வியாழக்கிழமை பார்த்த பெட்டி.
உள்ளங்கை அளவு.
ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் வெறும் காற்று,
இடையில் வெங்காயச் சருகு போல ஒரு சவ்வு.
புரோட்டானை மட்டும் உள்ளே விடும்,
எலெக்ட்ரான் இங்கேயும் வெளியே சுற்றித்தான்.
பொம்மை ஃபேன் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.
"இதுக்கு எப்ப சார்ஜ் போடுவீங்க?" என்றேன்.
"போட மாட்டோம். ஊட்டணும்," என்றாள்
சுகிர்தா என்கிற அந்த ஆராய்ச்சிப் பெண்.
"அடுப்பு மாதிரிங்களா?"
"நெருப்பில்லாத அடுப்பு."

அடியில் ஒரு குழாய். நுனியில் சொட்டு.
விரலில் தொட்டுப் பார்த்தேன், தண்ணீர்.
அளவு மீறிச் சார்ஜ் ஏறினால் பேட்டரி கொப்பளிக்குமே,
இந்த இரண்டு வாயுதான் அது.
"பீடியை அணைய்யா!" என்று இருபது வருசமாக
கடை வாசலில் கத்துகிறேன்.
போன தண்ணீருக்குப் பதில்
கேன் கேனாக டிஸ்டில்டு வாட்டர் விற்கிறேன்.
அங்கே ஒரு பெட்டி சத்தமில்லாமல்
அதே இரண்டையும் தின்றுவிட்டுத்
தண்ணீரைத் திருப்பித் தருகிறது.
பில்லில் கையெழுத்து வாங்க மறந்து வந்துவிட்டேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்குக் கரண்ட் வந்தது.
தெருவே ஒரு மூச்சு விட்டது.

பேட்டரியை வேனில் திருப்பி மாட்டிச் சாவி போட்டால்
டிக் டிக் என்றது, அதோடு சரி.
ஏகாம்பரமும் மால்டாக்காரர் மச்சானும்
பின்னால் நின்று தள்ளினார்கள்.
அவன் வங்காளத்தில் ஏதோ திட்டினான்,
இவர் ஆற்காட்டுத் தமிழில்.
மெடிக்கல் ஷாப் தாண்டிப் பிடித்துக்கொண்டது.

பாலாற்றுப் பாலம் ஏறும்வரை
ஹெட்லைட் மஞ்சள்தான்.
கீழே மணல், நடுவில் ஒரு கோடு ஈரம்.
விருதம்பட்டு வளைவில் வெளிச்சம் வெளுத்தது.
பானட்டுக்குள் அந்த இரண்டும்
மறுபடி முறைத்துக்கொள்ள ஆரம்பித்திருக்கும்.