அளவு

பினாங்கு, கேம்பல் ஸ்ட்ரீட்.
ஊய் கடையின் குழல்விளக்குக்குக் கீழே
மோதிரம் சோர்ந்து கிடந்தது.
மெழுகுவத்திக்காக வெட்டிய வைரமாம்;
மின்சாரத்துக்கு முகம் கொடுக்காது.

சுற்றிலும் படிப்படியாய் நீலப் பொடிக்கற்கள்,
பழைய சினிமாத் தியேட்டர் முகப்புபோல.
உள்ளே, தேய்ந்த எழுத்தில்
எலிசா, 1931.

லோரோங் கூலிட்டில் பேரம் பேசி வாங்கிய குமணன்
என் விரலை அளக்க மறந்திருந்தான்.
கணு தாண்டவில்லை.

பெரிதாக்க, வெட்ட வேண்டும்.
ரம்பத்தை எடுத்தபடி ஊய் கேட்டார்:
"நாமாவா? தாஹுனா?"
பெயரா, ஆண்டா என்றுதான் கேட்டார்.
என் காதில் விழுந்தது
நாமா?

குமணன் கைப்பேசியில் இருந்தான்.

இரண்டுக்கும் நடுவில் என்றேன்.
இப்போது எலிசாவுக்கும் 1931க்கும் இடையில்
ஒரு நெல் அகலம்
எதுவும் எழுதாத புதுப்பொன்.
பாத்திரம் கழுவக் கழற்றினால்
அதுதான் முதலில் மின்னுகிறது.