இருக்கைத் துணி

பெர்கனில் இன்று மழையில்லை என்று யாராவது சொன்னால்
அது வானிலை அறிக்கை அல்ல, வதந்தி.

ட்ராம் இருக்கைகளுக்குப் புதுத் துணி கேட்டிருந்தார்கள்.
பன்னிரண்டு ஆண்டு தாங்க வேண்டும்,
அழுக்கைக் காட்டிக்கொடுக்கக் கூடாது,
பார்ப்பவருக்குத் தலை சுற்றக் கூடாது.
தாளின் ஓரத்தில் பென்சிலால் யாரோ கிறுக்கியிருந்தார்கள்:
கொஞ்சம் மகிழ்ச்சியும்.

கற்பனை ஊறட்டும் என்று
அலுவலகமே செலவு செய்து அனுப்பியது
ஹார்டாங்கரில் ஒரு மரவீட்டுக்கு, ஒரு வாரம்.
சன்னல் முழுக்க ஃபியோர்டு.
ஆப்பிள் மரங்கள் பூத்து நின்றன.
எதிர்மலையில் அருவி
யாரும் கேட்காமலே விழுந்துகொண்டிருந்தது.
எல்லாமே யாரோ செய்து முடித்துவிட்ட வேலை.
சேர்க்க என்னிடம் ஒன்றுமில்லை,
எடுக்கத் துணிச்சலும் இல்லை.
ஆறு நாளில் நான் வரைந்தது
குளிர்பெட்டியின் கைப்பிடி மட்டும்.

திரும்பிய மாலை, ட்ராமில் எனக்கு எதிரே
ஐந்து வயதுப் பையன் ஒருவன்
நனைந்த கம்பளிக் கையுறையை இருக்கையில் அழுத்தி
எடுத்தான். மறுபடி அழுத்தி எடுத்தான்.
வெளுத்த நீலத்துணியில் கருநீலமாய்
விரல் பிரியாத ஒரு கை.
ஓரங்கள் முதலில் காய்ந்தன.
பிறகு கட்டைவிரல்.
உள்ளங்கை மட்டும் வெகுநேரம் இருந்தது,
போக மனமில்லாத விருந்தாளி மாதிரி.
“போதும் ஐவிந்த்” என்றாள் அம்மா.
போதாது என்று நான் சொல்லவில்லை.

அதன்பின் கடைசி நிறுத்தம் வரை போய்
அதே வண்டியில் திரும்புவதுதான் என் வேலை.
குடைகள் வடித்த நீர் தரையில்
வளைவுக்கு வளைவு பக்கம் மாறும்;
பிரேக் போட்டால் நின்று யோசிக்கும்.
சன்னலில் ஒரு துளி
இன்னொன்று வந்து தொடும்வரை அசையாது.
தொட்டதும் இரண்டும் ஓடிப்போய்விடும்,
வீட்டில் சொல்லாமல்.
மீன்சந்தைத் தார்ப்பாயின் ஆரஞ்சு
ஈரக் கண்ணாடி வழியே வந்து சேரும்போது
ஆரஞ்சாக இருப்பதில்லை.
அந்த நிறத்தைக் கலந்து பார்த்தே
ஒரு நோட்டைத் தீர்த்தேன்.
அது இன்னும் அகப்படவில்லை.

பணிமனையில் இரவு வண்டி கழுவும் செனாய்த்,
அஸ்மராவில் பிறந்தவள்,
என் மாதிரித் துண்டுகளை விளக்கடியில் பரப்பினாள்.
“இதில் காப்பி தெரியும்.
இதில் நாய்முடி தெரியும்.
இதில் சோகம் தெரியும். வேண்டாம்.”
மூன்றாவதற்காக நான் வாதாடினேன்.
அவள் பதில் சொல்லவில்லை;
வாளியைச் சாய்த்து அதன்மேல் அழுக்குநீர் ஊற்றினாள்.
இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.
சோகம் இன்னும் கொஞ்சம் தெரிந்தது.

இப்போது இருப்பது நான்காவது.
சாம்பலில் சாம்பல் துளிகள்,
உருவத்தில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.
எங்கோ ஒரு துளிக்கு மட்டும் அந்தத் தார்ப்பாய் நிறம்,
கிட்டத்தட்ட.

நவம்பரில் முதல் வண்டி ஓடியது. ஏறிக்கொண்டேன்.
ஒருவர் மீன்பையை என் துளிகள்மேல் வைத்தார்.
இரவுப்பணி முடித்த தாதி
கன்னத்தைச் சாய்த்துத் தூங்கிப்போனாள்;
எழுந்து இறங்கும்போது கன்னத்தில்
நெசவின் வரிகள் பதிந்திருந்தன.
யாரும் குனிந்து பார்க்கவில்லை.
பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலும் இல்லை.

பிறகு ஏறினார் நீண்ட மேலங்கி அணிந்த ஒரு மனிதர்.
உட்காரப் போனவர் தயங்கினார்.
கைக்குட்டையால் இருக்கையைத் துடைத்தார்.
போகவில்லை.
அழுத்தித் துடைத்தார்.
கைக்குட்டையைத் திருப்பிப் பார்த்தார். உலர்ந்திருந்தது.
என்னைப் பார்த்தார், நான்தான் மழை என்பதுபோல.

உலர்ந்ததுதான் என்று அறிந்த பின்னும்
ஏழு நிறுத்தம் அவர் நின்றுகொண்டே வந்தார்.
ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.
நானும் எழுந்து நின்றேன்,
வெறுமையாய் இருந்தன எங்கள் இருவர் இடமும்;
வெளியே
வதந்தி வலுத்துக்கொண்டிருந்தது:
மேற்கில் கொஞ்சம் வெளிச்சம்.