நாற்பது பாகம் ஆழத்தில் ஓர் ஆஸ்பத்திரி

நியூஃபவுண்ட்லாந்து, 1968, மார்ச்.
பல்கலைக்கழக நிலவறையில் எந்திரம்
விடிய விடிய அட்டைகளை மென்றது.
பதினேழு ஊர். ஊருக்கு ஓர் அட்டை.
தலைக்கட்டு எத்தனை, படகு எத்தனை,
பேறு பார்க்க ஆள் உண்டா?
உண்டென்றால் ஓர் ஓட்டை.

எஃபி கீப்பிங் காகிதச் சுருளைப் பிரித்தாள்.
ஆஸ்பத்திரி எங்கே அமைந்தால்
எல்லோருக்கும் தொலைவு குறையும்?
விடை இரண்டே எண்கள்.
வரைபடத்தில் ஊசியைக் குத்தினாள்.

கடல்.

மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள். பிழையில்லை.
தீ மூட்டிச் சுற்றிக் குந்தியவர்கள் போல
குடாவைச் சுற்றி ஊர்கள்.
நடுவில் யாருமில்லை.
சராசரி அங்கேதான் குடியிருந்தது.

"பக்கத்துக் கரைக்கு நகர்த்து,
அடிக்குறிப்பு போட்டுவிடலாம்" என்றார் துறைத்தலைவர்.
பக்கத்துக் கரை செங்குத்துப் பாறை.
கடற்பறவைகள் முட்டையிடும் இடம்.

மே மாதம், பனி உடைந்ததும்,
அம்ப்ரோஸ் பார்டியின் படகில் போனாள்.
எண்களை அவரிடம் படித்துக் காட்டவில்லை,
வரைபடத்தில் விரல் மட்டும் வைத்தாள்.
தேவாலயக் கூம்பு மேட்டுக்குப் பின்னால் மறைய,
கிழக்கே இரட்டைப் பாறை ஒன்றாய்த் தெரிய,
இயந்திரத்தை அணைத்தார்.
எண் சொன்னதும் கண் சொன்னதும்
ஒரே தண்ணீர்.

ஈயக் குண்டைக் கயிற்றில் இறக்கி
கைவீச்சில் அளந்தார். நாற்பது பாகம்.
"நல்ல இடம்தான் அம்மா. மீன் ஏராளம்.
கட்டிலுக்குத்தான் கால் நீளமாக வேண்டும்."

சிரித்து முடித்தபோது அவளுக்கு உறைத்தது.
இங்கே யார் நடக்கிறார்கள்?
எந்திரம் சொன்னது சரி.
கட்டடம் என்று கேட்டதுதான் தப்பு.

மருத்துவப் படகு ஒன்று வேண்டும் என எழுதினாள்,
பதினொரு பக்கம், பின்னிணைப்பாய் அட்டவணை.
அமைச்சகம் அட்டவணையை மட்டும் படித்தது.
தொலைவுப் பத்தியில் பெரிய எண் எவையோ
அந்த ஊர்களைக் காலி செய்தது.
வீடுகளைப் பீப்பாய்களில் கட்டி
மிதக்கவிட்டு இழுத்துப் போனார்கள்.

மிஞ்சிய ஆறு ஊரை வைத்து
நேற்று நான் மறுபடி கணக்கிட்டேன்.
என் மடிக்கணினிக்கு ஒரு நொடி.
சராசரி கரையேறிவிட்டது.
நெடுஞ்சாலையோரம், காய்ந்த தரை,
செங்கல் ஆஸ்பத்திரிக்கு நாநூறு மீட்டரில்.
மாதிரி இவ்வளவு அழகாய்ப் பொருந்தி
நான் பார்த்ததேயில்லை.

எஃபியின் வரைபடம் எங்கள் துறை அலமாரியில் இருக்கிறது.
மடித்த இடமெல்லாம் நைந்த தாள்.
ஜன்னலருகே தூக்கிப் பிடித்தால்
கடல் நீலத்தில் ஓர் ஊசித்துளை.
அதன் வழியே வெளிச்சம் வருகிறது,
என் சட்டையில், கடுகளவு.