ஒட்டிய உறை

எல்ல சந்தியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை
என் ஓட்டோவில் ஏறினார்கள்.
தெஹிலாவுக்கு ஐந்து மாதம்,
குகைப் படியில் வழுக்கியிருக்கிறாள்.
அடி ஒன்றுமில்லை, ஆனாலும் ஒரு ஸ்கேன் என்றான் இத்தமார்.
பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும்,
பிறகு சனி இருட்டும்வரை வண்டி ஏற மாட்டோம்.
யூதர்கள். அவர்கள் பாஷையில் எனக்கு
'நன்றி' தெரியும், 'மெதுவாக' தெரியும்.
மிச்சத்தை உடைந்த இங்கிலீஷில் ஓட்டினோம்.

பண்டாரவளைக் கிளினிக் வாசலில்
கண்ணாடியை இரண்டு தரம் துடைத்தேன்.
வந்தார்கள். பிள்ளை சுகம்.
ஆனால் நர்ஸ், பழக்கதோஷம்,
ஆணா பெண்ணா என்று எழுதி ஒட்டிய உறையையும்
கையில் திணித்துவிட்டாளாம்.
வேண்டாம் என்பதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டாளாம்.
சுடுசட்டியைப் பிடிப்பதுபோல
நுனிவிரலால் அதைப் பிடித்திருந்தாள் தெஹிலா.
நீ வைத்துக்கொள், கிழித்துப்போடு, எங்களுக்குச் சொல்லாதே.

ஏன் என்று கேட்டேன்.
வளைவுக்கு வளைவு இரண்டு பதில் வந்தது.
தடை ஏதும் இல்லை, கேட்டால் குற்றமில்லை என்றான் அவன்.
அவன் தங்கை ஸ்கேனில் பார்த்து
அன்றைக்கே பெயரும் முடிவு செய்தவள்.
ஆனாலும் அம்மா வீட்டில், பிறக்கும் முன்
ஒரு காலுறைகூட வாங்குவதில்லை.
நிறுத்ததில் ஆசி தங்காது என்றாள் இவள்,
அளந்ததில், எண்ணியதில் தங்காது,
கண்ணுக்கு மறைந்ததில்தான் தங்கும்.
(கொழுந்துத் தராசில் மூன்று கிலோ கழிக்கிற
எங்கள் கணக்கப்பிள்ளை ஞாபகத்துக்கு வந்தார்.)
வயிற்றுப்பிள்ளைக்கு வாழ்த்தும் சொல்வதில்லையாம்.
'நல்ல நேரத்தில்' என்பார்களாம், அவ்வளவுதான்.

பிறகு அவள் சொன்னது
என்னை பிரேக் மிதிக்க வைத்தது.
உருவாகிவிட்ட பிள்ளையை
இதுவாக இரு என்று வேண்டுவது வீண் வேண்டுதலாம்.
நடந்து முடிந்ததை மாற்றச் சொல்வது.
ஊருக்குள் அலறல் கேட்கிறபோது
என் வீடாக இருக்கக்கூடாது என்று கும்பிடுகிறானே,
அவனைப்போல.

நான் கும்பிட்டிருக்கிறேன்.
மண் சரிந்த இரவில், பீலிக்கரையில் நின்று,
மேல் டிவிஷனில் கூக்குரல் கேட்டு
அஞ்சாம் நம்பர் லயமாக இருக்கக்கூடாது முனியே என்று
வாய்விட்டுக் கும்பிட்டிருக்கிறேன்.
நான் வாய் திறக்குமுன்னே
அஞ்சாம் நம்பர்தான்.

தெஹிலாவிடம் இதைச் சொல்ல
என் இங்கிலீஷ் போதவில்லை.
மாடு குறுக்கே வந்தது என்றேன்.

வீட்டில் சிவரஞ்சனிக்கு ஏழு மாதம்.
இரண்டு பெண்களுக்குப் பிறகு.
ஆண் என்றால் சேவல் என்று
ஃபெக்டரி ரோதைமுனிக்கு நேர்ந்து,
குசினிக்குப் பின்னால் கட்டி வளர்க்கிறேன்.

ராத்திரி வண்டி விளக்கில் அந்த உறையைப் பிடித்தேன்.
மெல்லிய தாள்.
ஒரு எழுத்தின் வால் தெரிந்தது.
என் பிள்ளையில்லை, என் வயிறில்லை,
ஆனாலும் நெஞ்சு அடித்தது.
விளக்கை அணைத்தேன்.
அது என்னப்பா, காசா என்றாள் தர்ஷிகா.
இல்லடி, வேற ஆளுடைய கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை ரோதைமுனி முன்னால் நின்று
பழைய வேண்டுதலைத் திருப்பி வாங்கினேன்.
அதை விடு, அது முடிந்த காரியம்.
தியத்தலாவைக்கு ஓடுகிற ராத்திரி
ரோட்டில் மண் விழக்கூடாது.
டேங்கில் பெற்றோல் இருக்க வேணும்.
வார்ட்டில் ஒரு கட்டில் காலியாக இருக்க வேணும்.
இதெல்லாம் இன்னும் நடக்கவில்லை, இதைக் கேட்கலாம்.
நல்ல நேரத்தில், முனியே.

சேவலைப் பற்றி முனி ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
நாலரைக்குக் கூவி, பிரட்டுத் தப்புக்கு முன்னால்
லயத்தையே எழுப்பிவிடுகிறது,
சனியன்.