திங்கட்கிழமைக் கணினி

முத்துப்பேட்டை கிளை நூலகத்தில்
கணினி ஒன்றுதான்.
அதற்கு முன்னால் நாற்காலி இரண்டு,
வரிசையில் எப்போதும் ஏழெட்டுப் பேர்.

சாவி என்னிடம். அறைக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று.
இரண்டாவது பதினொரு எழுத்து;
பேரேட்டின் கடைசிப் பக்கத்தில்
மாட்டுத் தீவனக் கணக்குபோல் எழுதிவைத்திருக்கிறேன்.

பூட்டுவதற்கு முன்பு
திரையை யாரோ தலைகீழாகத் திருப்பிவிட்டார்.
இரண்டு நாள் எல்லோரும் கழுத்தைச் சாய்த்தே
பரீட்சை முடிவு பார்த்தோம்.
குப்பைத்தொட்டிக்கு 'வார்டு மெம்பர்' என்று பெயர் வைத்தார்கள்.
அதை மட்டும் ஒரு வாரம் விட்டுவைத்தேன்.
எவனோ செருகிய பென்டிரைவிலிருந்து
ஏதோ ஒன்று இறங்கி
கோப்புகளையெல்லாம் தின்றுவிட்டுப் பெயர்களைத் துப்பியது.

பயனர் கணக்கைப் பிரித்தேன்.
அமைப்புகளை மறைத்தேன்.
பென்டிரைவ் துளையில் பிளாஸ்திரி ஒட்டினேன், உரித்தார்கள்.
கடைசியில் மன்னார்குடியிலிருந்து ரிஸ்வான் வந்து
ஒரு மென்பொருள் போட்டுக்கொடுத்தான்.
"உறைய வெச்சாச்சுக்கா.
இனிமே யாரு என்ன நோண்டினாலும்
அணைச்சுப் போட்டா பழைய திங்கக்கிழமதான்."

அப்படியேதான் இருந்தது.
வியாழன் மாலை அணைத்தால்
வெள்ளி காலை அதற்குத் திங்கள்.
வெளியே ஐப்பசி அடைமழை;
உள்ளே, மேட்டூர் இன்னும் திறக்காத
ஆனி மாதத்துத் திங்கள்.

கோரையாற்று மதகுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டுகிற
லஸ்கர் சவரிநாயகம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.
தலைகீழ்த் திரை அவர் கைவேலை என்று
பிறகுதான் தெரிந்தது.
"எங்க ஷட்டருக்கும் இது மாதிரி ஒண்ணு போடச் சொல்லும்மா.
ராத்திரி எவன் தூக்கினாலும்
விடிஞ்சா தானா எறங்கிடணும்."
நானும் சிரித்தேன். அது புதன்கிழமை.

மறுநாள் ஜாம்பவானோடை கோசலை
வயலில் ஒன்பது நாளாக நிற்கும் தண்ணீரைப் பற்றி
வேளாண்மை அலுவலருக்கு மனு தட்டினாள்.
இரண்டு விரல், மூன்று மணி நேரம்.
'மூழ்கி' என்று அடிக்க
'ழ' எங்கே என்று நான்கு முறை கேட்டாள்.
சேமிக்கச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.
நிச்சயத்துக்கு இரண்டு முறை சேமித்தாள்.
அச்சு இயந்திரத்தில் மை இல்லை.
நாளைக்கு வா என்றேன்.

வெள்ளிக்கிழமை
எறும்பும் ஊராத நீலத் திரை.
அவள் மானிட்டரின் முதுகை எட்டிப் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்து,
சந்தேகம் நிஜமாகவே வந்துவிட்ட குரலில் கேட்டாள்:
"நேத்து நான் வந்தேன்ல?"

திட்டியிருக்கலாம் அவள்.

வந்தாள். வருகைப் பதிவேட்டில் இருக்கிறது,
பிற்பகல் மூன்று பத்து,
ஒரு சுழி குறைந்து 'கொசலை' என்று.

சோற்று டப்பாவைத் திறக்காமல்
ரிஸ்வானுக்குப் போன் போட்டேன்.
வட்டில் ஒரு மூலையை உறையாமல் விட முடியுமாம்.
முதலிலேயே நான் கேட்டிருக்க வேண்டுமாம்.
'இது அழியாது' என்று அதற்குப் பெயர் வைத்தேன்.

மற்றதெல்லாம் பழையபடிதான்.
பின்னணிப் படத்தை மாற்றுகிறார்கள், காலையில் இல்லை.
திரும்பவும் மாற்றுகிறார்கள்,
சலிப்பதே இல்லை.
அழியாத மூலையில்
வெளிநாட்டு வேலைக்குப் பயோடேட்டா பதினேழு,
பாதியில் நின்ற கந்தூரி நோட்டீஸ்,
'தொடாதே' என்றொரு கோப்பு.
திறந்து பார்த்தேன், உள்ளே ஒன்றுமில்லை.

கோசலை மறுபடி தட்டினாள்.
இந்த முறை 'ழ' கேட்கவில்லை.
முதல் மனுவில் 'தயவுகூர்ந்து' மூன்று இடத்தில் இருந்தது,
எனக்கு நினைவிருக்கிறது.
இதில் ஒன்றுகூட இல்லை.
சேமித்துவிட்டு எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.
"இப்ப அணைச்சுப் போட்டுக் காட்டு."

வரிசை முணுமுணுத்தது.
அணைத்தேன். ஏற்றினேன்.
முழுதாக எழுந்து வர நான்கு நிமிடம் ஆகும் அதற்கு.
கூரைத் தகரத்தில் மழை.
சவரிநாயகம் வரிசையை விட்டு முன்னால் வந்து
அவள் தோளுக்கு மேலாக
கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.